நண்டு விருந்தில் அறுபத்தொரு குற்றம்

அபராதத்தை நான்கு மடங்காக உயர்த்தப்போகிறார்கள் என்ற செய்தி பால்டிமோரை ஒட்டிய டண்டாக் ஊருக்கு வந்து சேர்ந்த அன்று, மெல்வின் டோர்ஷ் தன் பம்ப் தொழிற்சாலையின் நாற்பத்தொரு பேரையும் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டி நிறுத்தினான்.

"யார்கிட்டயாவது குற்றம் ஏதாவது பாக்கி இருந்தா வெள்ளிக்கிழமைக்குள்ள மிஸ் ரெஜினாகிட்ட கொடுத்துடுங்க" என்றான். "ஒண்ணாம் தேதியிலேருந்து விலை ஏறுது."

அவன் கேலி பேசவில்லை. அங்கே செய்வது அமிலம் தாங்கும் பம்ப். ஆகாதவன் கையில் போனால் விஷவாயு தயாரிக்கவும் அது உதவும் என்பதால், பம்போ அதன் வரைபடமோ வாஷிங்டனின் அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டுப் போகக்கூடாது. போனால் ஒவ்வொரு மீறலுக்கும் தனித்தனி அபராதம். தானாக வந்து ஒப்புக்கொண்டால் பாதி. அந்த அபராதம் போதவில்லை, எவனுக்கும் பயமில்லை என்று மேலவையும் கீழவையும் கூடி நான்கு மடங்காக்கிவிட்டன. மாதக் கடைசிக்குள் வந்துசேரும் ஒப்புதலுக்கு மட்டும் பழைய விலை. அவ்வளவுதான், ஊர் ஊருக்குக் கம்பெனிக்காரர்கள் தலைதெறிக்க ஓட ஆரம்பித்தார்கள். குற்றம் செய்தவன் ஒப்புக்கொண்டது போக, செய்யாதவனும் எதற்கும் இருக்கட்டும் என்று ஒன்றிரண்டை ஒப்புக்கொண்டான்.

ரெஜினா வோய்சிக் நோட்டும் பேனாவுமாகக் கூடத்து மூலையில் உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வருஷமாக அந்தத் தொழிற்சாலையில் ஏற்றுமதி விதிகளுக்கு அவள்தான் காவல். கழிப்பறைக் கண்ணாடியில்கூடச் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை ஒட்டி வைத்திருப்பவள். பொருளை அனுப்பினால்தான் ஏற்றுமதி என்று நினைக்காதே, வரைபடம் ஒரு வெளிநாட்டுக்காரன் கண்ணில் பட்டாலே அது அவன் நாட்டுக்கு அனுப்பியதற்குச் சமம் என்று வருஷா வருஷம் வகுப்பெடுத்து, எல்லோர் உயிரையும் வாங்குவாள். ஆனால் வாய் நிறைய "கண்ணு" என்றுதான் கூப்பிடுவாள். அந்த ஊர்ப் பெண்களுக்கு எல்லோருமே கண்ணுதான், போலீஸ்காரன் உட்பட.

முதலில் வந்தவன் சரக்குத் தூக்கும் வண்டி ஓட்டுகிற ஓடிஸ்.

"மிஸ் ரெஜினா, போன வருஷம் பார்ல ஒரு கிரேக்க மாலுமிகிட்ட, நாங்க பம்ப் செய்யறோம்னு சொல்லிட்டேன்."

"வேற என்ன சொன்னே கண்ணு?"

"நல்ல பம்ப்னு சொன்னேன்."

"பொய் சொன்னது குற்றத்துல வராது. அடுத்த ஆள்."

பெயின்ட் அடிக்கிற ஒருத்தி தன் வீட்டுக் கிளி பம்பின் மாடல் எண்ணைச் சொல்கிறது என்றாள். கிளி எந்த நாட்டுப் பிரஜை என்று ரெஜினா நிஜமாகவே கேட்டுக் குறித்துக்கொண்டாள். மத்தியானம்வரை இதே கூத்து. கடைசியில் நோட்டைப் பார்த்த மெல்வினுக்கு முகம் தொங்கிப்போயிற்று.

"என்ன ரெஜினா இது? முப்பது வருஷமா நடக்கற கம்பெனி. ஒரு உருப்படியான குற்றம்கூடவா இல்ல? பக்கத்துல வால்வு செய்யறானே, அவன் பதினேழு அனுப்பியிருக்கான்."

"குற்றம் இல்லேன்னா சந்தோஷப்படணும் மெல்வின்."

"இப்ப சந்தோஷப்பட்டு, அப்புறம் நாலு மடங்கு விலையில ஒண்ணு கிடைச்சா?"

இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. அவன் புத்தி அப்போதே அப்படித்தான். ஒன்றுக்கு மூன்று அழிப்பான் வாங்கி வைத்துக்கொள்வான், தப்பே பண்ணாத நாளிலும்.

அவனுடைய வாட்டத்தைப் பார்க்கப் பொறுக்காமல், ரெஜினா தன் மகளின் கல்யாண அழைப்பிதழைப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். மார்சிக்கும் ரவ்ஷனுக்கும் ஐந்து வாரத்தில் கல்யாணம். ரவ்ஷன் உஸ்பெகிஸ்தானின் சமர்கந்துப் பையன். பால்டிமோருக்குச் செல்லோ வாத்தியம் படிக்க வந்தவன். அழைப்பிதழில் பூவும் இல்லை, புறாவும் இல்லை. போன ஜூலையில் ரெஜினா வீட்டுக் கொல்லையில் நடந்த நண்டு விருந்தின் படம்தான் அட்டை முழுக்க. வாயெல்லாம் சிவப்பு மசாலாவாக, கையில் மரச்சுத்தியலோடு ரவ்ஷன். அவன் தோளில் தலை சாய்த்துச் சிரிக்கிற மார்சி. முன்னால் மலையாக நண்டு. அன்றைக்குத்தான் அவன் அவளிடம் என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டான். அதனால் இந்தப் படம்தான் வேண்டும் என்று மார்சி ஒற்றைக்காலில் நின்றாள்.

"அழகா இருக்காங்க" என்றான் மெல்வின். "மேசையில ஏதோ எழுதியிருக்கே?"

ரெஜினா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

அந்தப் பக்கத்தில் நண்டு தின்ன யாரும் மேசைக்குத் துணி விரிக்க மாட்டார்கள். காகிதம் விரித்து, நண்டை நடுவில் கொட்டி, அடித்து உடைத்துத் தின்றுவிட்டு, ஓட்டோடு சேர்த்துச் சுருட்டி எறிவார்கள். செய்தித்தாள் வாங்குகிற பழக்கம் ஊரில் ஒழிந்துவிட்டது. அன்றைக்குக் காகிதம் பற்றாமல், கிழித்துப் போடச் சொல்லித் தன்னிடம் வந்திருந்த பழைய வரைபடச் சுருளிலிருந்து நான்கு தாளை வீட்டுக்கு எடுத்துப்போனவள் ரெஜினாதான். எழுத்துப்பக்கம் கீழே இருக்கும்படிதான் விரித்தாள். ஆனால் நடுவில் யாரோ பீரைக் கொட்டிவிட, நனைந்த தாளைத் திருப்பிப் போட்டவளும் அவளேதான். இதோ, படத்தில் ரவ்ஷனின் இடது முழங்கைக்குப் பக்கத்தில், அவள் கையாலேயே குத்திய சிவப்பு முத்திரை பளிச்சென்று தெரிகிறது: அரசின் அனுமதியின்றி எந்த வெளிநாட்டவருக்கும் காட்டக்கூடாது.

"கடவுளே" என்றாள். "மெல்வின், குற்றம் கிடைச்சிடுச்சு."

மெல்வினுக்கு முகம் மலர்ந்தது. "எத்தனை?"

"நண்டு தின்னப்ப அவன் பார்த்தது ஒண்ணு. அப்புறம் இந்த அட்டை. உஸ்பெகிஸ்தானுக்கு மட்டும் அறுபது அட்டை அனுப்பினேன். நானே தபாலாபீசுக்குப் போய், பறவை படம் போட்ட ஸ்டாம்பா கேட்டு வாங்கி ஒட்டினேன்." நோட்டில் கூட்டிப் போட்டாள். "அறுபத்தொண்ணு."

மெல்வின் மனசுக்குள் பெருக்கிப் பார்த்தான். பழைய விலையில் பாதியாகவே போட்டாலும் தொழிற்சாலை, வீடு, படகு, அவன் பல்லில் இருந்த தங்கம் எல்லாவற்றையும் விற்றாலும் காணாது.

"அது வேணாம்" என்றான். "சின்னதா ஏதாவது இருந்தா பாரு."

"குற்றம்னா கடையில இருக்கற சட்டையா, அளவு பார்த்து எடுக்கறதுக்கு?"

"ரெஜினா, உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன். அந்தக் கிளியை அனுப்பிடலாம்."

அன்று சாயங்காலம் அவள் மகளிடம் சொன்னாள். மார்சி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள், குழாயை மூடிவிட்டுத் திரும்பி நின்றாள். பக்கத்தில் ரவ்ஷன் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நீ எழுதப்போற காகிதத்துல இவன் பேரு வருமா?"

"வரணும் கண்ணு. யார் பார்த்தாங்கன்னு சொல்லாம எப்படி?"

"இவன் இங்கேயே தங்கறதுக்கு விண்ணப்பம் போடப்போறோம். விஷவாயு பம்ப் கேஸ்ல பேரு இருக்கற ஆளுக்கு எவன் கொடுப்பான்? அம்மா, உனக்கு மூளை இருக்கா? யாருக்கும் தெரியாது. யாரும் கேக்கல. நீயா போய் ஏம்மா சொல்லணும்?"

"நான் சொல்லலேன்னா, என்னிக்காவது யாராவது அந்தப் படத்தைப் பார்ப்பாங்க. அன்னிக்கு, இவன் திருட வந்தான்னு சொல்லுவாங்க. இப்பவே நான் போய்ச் சொன்னா, ஒரு முட்டாள் கிழவி காகிதத்தை விரிச்சாங்கறதோட போயிடும்."

"நூத்து நாப்பது பேர்கிட்ட அட்டை இருக்கு. யாரும் பார்க்கல."

"மெல்வின் அரை நிமிஷத்துல பார்த்தான். கல்யாணத்துக்குப் போனா மணமக்களையே பார்க்காத ஆள் அவன்."

மார்சிக்குச் சிரிப்பு வரவில்லை. இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்த்து மேசையில் எறிந்தாள். "இவன் பேரை எழுதினேன்னா என் கல்யாணத்துக்கு வராதே. நிஜமாத்தான் சொல்றேன்."

ரவ்ஷன் மெல்ல, "எனக்கொண்ணும் இல்ல, எழுதட்டும்" என்றான். "நீ சும்மா இரு" என்றாள் மார்சி. அவன் அடுத்த தட்டை எடுத்துத் துடைத்தான்.

ரெஜினா மூன்று நாள் தூங்கவில்லை. ஒரே மகள். அவள் கல்யாணத்தைப் பார்க்காமல் இருப்பதா? எழுதாமல் விட்டுவிடலாம் என்று நூறு தடவை தீர்மானித்தாள். ஒவ்வொரு தடவையும், விமான நிலையத்தில் யாரோ ஒரு அதிகாரி ரவ்ஷனை மட்டும் தனியே கூப்பிட்டுப் போகிற மாதிரி கண்ணில் வந்தது. கடைசியில் நான்கு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அனுப்பத்தான் வழியில்லை. வாஷிங்டனில் இருந்த ஏற்றுமதி இலாகாவின் தொலைபேசி, "ஒப்புதல்கள் அதிகமாக வருவதால் தயவுசெய்து காத்திருக்கவும்" என்று சொல்லிவிட்டு நாற்பது நிமிஷம் வயலின் வாசித்தது. மின்னஞ்சல் பெட்டி நிரம்பி வழிந்து திருப்பியனுப்பியது. மாதக் கடைசி நாளன்று அவளே காரை எடுத்துக்கொண்டு வாஷிங்டனுக்குப் போனாள். கட்டடத்தைச் சுற்றி வரிசை நின்றது. ஆடித் தள்ளுபடி கெட்டது போங்கள்! கோட்டுப் போட்ட கனவான்கள் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாகக் குற்றங்களைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். மடக்கு நாற்காலி வாடகைக்கு விட ஒருவன் வந்துவிட்டான். முன்னால் நின்ற வக்கீல், "உங்களுக்கு எத்தனை?" என்று கேட்டார்.

"அறுபத்தொண்ணு."

"கொடுத்து வெச்சவங்க. எங்களுக்கு முப்பதுதான். அதுலயும் பாதி சந்தேகம்."

இரண்டு வாரம் கழித்து, லின்வுட் கார்வர் என்ற அதிகாரி டண்டாக்குக்கு வந்தார். கண்ணெல்லாம் சிவந்து, இலாகாவிலேயே தூங்கி எழுந்துவந்த மாதிரி இருந்தார். ரெஜினாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார்.

"அம்மா, மூவாயிரம் ஒப்புதல் படிச்சிருக்கேன். ஒருத்தர் கனவுல ஏற்றுமதி பண்ணினதா எழுதியிருக்கார். உங்களுதுதான் நான் பார்த்த முதல் நிஜக் குற்றம். ரொம்ப நன்றி."

சாப்பாட்டுக் கூடத்தில் ரவ்ஷனை உட்காரவைத்து விசாரித்தார். மார்சி அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அம்மா இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

"மேசையில விரிச்சிருந்த தாள்ல என்ன பார்த்தீங்க?"

"நண்டு" என்றான் ரவ்ஷன்.

"நண்டுக்குக் கீழே?"

"இன்னொரு நண்டு."

"அதையெல்லாம் தின்னு முடிச்சப்புறம்?"

"சார், அதை எப்படித் தின்னறதுன்னே எனக்குத் தெரியாது. எது உடம்பு, எது கால்னு தேடறதுலயே மூணு மணி நேரம் போச்சு. நடுவுல ஒரு பொண்ணுகிட்ட என்னைக் கட்டிக்கிறியான்னு வேற கேக்கணும். நான் எங்கே பம்ப் பார்க்கறது?"

கார்வர் அதை வார்த்தைக்கு வார்த்தை எழுதிக்கொண்டார். பிறகு, அட்டை கிடைத்தவர்களில் ஒருவரையாவது கேட்டாக வேண்டும் என்று, மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு சமர்கந்தில் இருந்த ரவ்ஷனின் தாய் ஜுல்ஃபியாவைத் தொலைபேசியில் பிடித்தார். படத்தில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டதும் அந்தப்பக்கம் அழுகை வெடித்தது.

"என்ன சொல்றாங்க?"

"மகன் ராட்சசச் சிலந்தி தின்னறானாம்" என்றார் மொழிபெயர்ப்பாளர். "தெருவே பார்த்துடுச்சாம். அவனுக்கு அங்கே சாப்பாடு போடறாங்களா இல்லையான்னு கேக்கறாங்க."

கார்வர் பூதக்கண்ணாடியை எடுத்து அழைப்பிதழை அரைமணி நேரம் மேய்ந்தார். அளவுகள் மேலெல்லாம் மசாலா. கோடுகள் மேலெல்லாம் ஓடு. கடைசியில் நிமிர்ந்து கழுத்தைத் தேய்த்துக்கொண்டார்.

"அட்டையில படிக்க முடியறது உங்க முத்திரை ஒண்ணுதான். அனுப்பக்கூடாதுங்கற தடையை மட்டும் அறுபது காப்பி அனுப்பியிருக்கீங்க. இதுக்கு விதியில இடம் இருக்கான்னு மேலே கேட்டுத்தான் சொல்லணும்."

மேலே கேட்ட பதில் கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னால் வந்தது. மெல்வின் உறையைப் பிரிக்கப் பயந்து, ஓடிஸைக் கூப்பிட்டுப் பிரிக்கச் சொன்னான். அபராதம் இல்லை, எச்சரிக்கை மட்டும். ரவ்ஷன் மீது எந்தக் குற்றமும் இல்லை, அவனுடைய விண்ணப்பத்துக்கு இதனால் தடையும் இல்லை. மெல்வின் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டான். ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. வரப்போகும் கல்யாணத்தில் தொழிற்சாலை ஆட்களும் பதினோரு உஸ்பெக் விருந்தினரும் ஒரே இடத்தில் கூடுவதால், பம்பைப் பற்றி யாரும் வாய் திறக்காமல் பார்த்துக்கொள்ள, பயிற்சி பெற்ற அலுவலர் ஒருவர் அடையாள அட்டையோடும் வருகைப் பதிவேட்டோடும் கடைசி விருந்தாளி போகும்வரை அங்கே இருந்தாக வேண்டும். நிகழ்ச்சி நடத்துபவருக்கு இந்த உத்தரவும் ஒப்புதலின் முழு நகலும் அனுப்பப்பட வேண்டும்.

பயிற்சி பெற்ற அலுவலர் அந்தத் தொழிற்சாலையில் ஒருத்திதான்.

பெற்ற மகள் வராதே என்கிறாள், அரசாங்கம் போய்த்தான் தீரவேண்டும் என்கிறது. எந்தத் தாய்க்காவது இப்படி ஒரு கதி வந்ததுண்டா? ரெஜினா உத்தரவையும் ஒப்புதலின் நகலையும் மார்சிக்கு அனுப்பினாள். ஒரே வரியில் பதில் வந்தது: "உத்தரவுன்னா வா. வாசல்லயே நில்லு."

தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில்தான் கல்யாணம். காலை பத்து மணிக்கே ரெஜினா வாசலுக்குப் போய்விட்டாள். இந்த நாளுக்கென்று வசந்தகாலத்திலேயே வாங்கிய நீலப் பட்டு கவுன். அதன்மேல் தொழிற்சாலை அடையாள அட்டை குத்தியிருந்தது. கையில் பதிவேடு. வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு பக்கம் மாட்டிறைச்சி கரியில் வெந்துகொண்டிருந்தது. இன்னொரு பக்கம் ரவ்ஷனின் மாமாக்கள் அண்டா வைத்துப் புலாவ் கிண்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்து நடந்து அவளுக்குக் கால் வீங்கிவிட்டது. நீர்ப்பாசன வேலை பார்க்கிற மாமா ஒருவர் மெல்வினிடம், "உங்களுக்கு என்ன தொழில்?" என்று கேட்டார். மெல்வின் திரும்பி ரெஜினாவைப் பார்த்தான். ரெஜினா கூடாது என்று தலையை ஆட்டினாள்.

"மழை நல்லா பெய்யுதா உங்க ஊர்ல?" என்றான் மெல்வின், பரிதாபமாக.

ஜுல்ஃபியா காரிலிருந்து இறங்கியதும் வாசலைப் பார்த்து நின்றுவிட்டாள். அவர்கள் ஊரில் கல்யாண வீட்டு வாசலில் பெற்றவர்கள்தான் நிற்பார்கள், நெஞ்சில் கை வைத்து ஒவ்வொருவரையும் வரவேற்பார்கள். சிலந்தி தின்கிற நாட்டில் மகன் சிக்கிக்கொண்டானே என்று வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தவள், சம்பந்தியம்மா வெயிலில் தன்னந்தனியாக நின்று முறை செய்வதைக் கண்டதும் உருகிப்போனாள். கைப்பையை யாரிடமோ கொடுத்துவிட்டு நேரே வந்து ரெஜினாவின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். அப்புறம் பக்கத்திலேயே தோளோடு தோள் நின்றுகொண்டு, நெஞ்சில் கை வைத்து விருந்தாளிகளுக்குத் தலை குனிந்தாள். ரெஜினாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பேர் எழுதுவாள், உடனே பேனாவை மாற்றிப் பிடித்துத் தானும் நெஞ்சில் கை வைப்பாள். மூன்றாவது ஆளுக்கு அது சரளமாக வந்துவிட்டது. உஸ்பெக் கிழவர்கள் அவள் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள்.

விருந்தாளிகள் எல்லோரும் உள்ளே போய், சம்பந்திகள் இருவர் மட்டும் வாசலில் நின்றபோது, பக்கத்து அறைக் கதவைத் திறந்துகொண்டு மார்சி வந்தாள். கல்யாண உடுப்பில் இருந்தாள். கண் சிவந்திருந்தது. கையில் ஒப்புதலின் நகல் கசங்கிக் கிடந்தது.

"இப்பத்தான் படிச்சேன்" என்றாள். "நாலு பக்கத்துல அவன் பேரு ஒரே ஒரு தடவை வருது. 'என் தவறு'ன்னு முப்பத்தெட்டு தடவை போட்டிருக்கே. எண்ணிப் பார்த்தேன்."

"திட்டவட்டமா எழுதணும் கண்ணு. இல்லேன்னா மறுபடி கேள்வி கேட்டு அனுப்புவாங்க."

"உன்னை ஜெயில்ல போட்டிருந்தா?"

"போட்டிருந்தா போட்டிருப்பாங்க. அவனை விட்டிருப்பாங்கல்ல."

மார்சி உதட்டைக் கடித்துக்கொண்டாள். உள்ளே ஆர்கன் ஒருமுறை ஒலித்துவிட்டு நின்றது, பெண்ணுக்காகக் காத்திருந்தார்கள். அந்த ஊரில் பெண்ணை அப்பா கையைப் பிடித்து உள்ளே நடத்திப்போவது வழக்கம். மார்சியின் அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகிறது.

"நான் உள்ள நடந்து போகணும்" என்றாள். "என்கூட யாரும்மா வருவாங்க?"

ரெஜினா பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். பையைத் துழாவி இலாகாவின் கடிதத்தை எடுத்தாள். எழுத்தெல்லாம் தண்ணீரில் மிதந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை விரலை வைத்து ஒருமுறை, மறுபடி ஒருமுறை படித்தாள்.

"கடைசி விருந்தாளி போறவரைக்கும் இருக்கணும்னுதான் போட்டிருக்கு" என்றாள். "எங்கே நிக்கணும்னு போடல, கண்ணு."

மார்சி பதிவேட்டைப் பிடுங்கி ஜுல்ஃபியாவின் கையில் திணித்துவிட்டு, அம்மாவின் கையை இறுக்கப் பிடித்துக்கொண்டாள்.